முதல் ஜாமுக்கு முன் மூன்று கிழமை

கிளிநொச்சியிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். ஆல்டோ சாக்ஸபோன் வாசிப்பவர். பள்ளிக்கூட பாண்ட் வாத்தியக் குழுவில் ஊதத் தொடங்கி, இப்போது திருவிழா மேடைகளில் ஓர் இசைக்குழுவோடு சினிமாப் பாட்டுகளுக்கு வாசிக்கிறார். வவுனியாவில் ஒரு வீட்டில் போயா (பௌர்ணமி விடுமுறை) நாள் பின்னேரங்களில் ஐந்தாறு பேர் கூடி ஜாஸ் ஜாம் வாசிக்கிறார்களாம். அடுத்த போயாவுக்கு அவரையும் வரச் சொல்லியிருக்கிறார்கள். கையில் இருப்பது மூன்று கிழமை. எத்தனை ஸ்கேல் பாடமாக்க வேண்டும், எத்தனை பாட்டுத் தெரிந்திருக்க வேண்டும், கொப்பியைப் பார்த்து வாசித்தால் குறை நினைப்பார்களா என்று மூன்று கேள்வி. ஜாம் பாணுக்குப் பூசுவதுதானே, அதற்கு ஏன் வவுனியாவுக்குப் போகிறாய் என்று அம்மா கேட்டதாகவும் எழுதியிருக்கிறார்.

மூன்று கேள்விக்கும் பதில் இருக்கிறது, சொல்கிறேன். ஆனால் மூன்றுக்கும் அடியில் கிடக்கிற கேள்வி வேறு. எழுதிக் கொடுத்த பிட் (பாட்டுக்கு நடுவில் ஊதும் துண்டு) இல்லாத இடத்தில், முன்பின் பழகாதவர்களோடு, நடுவழியில் தொலைந்து போகாமல் வாசிப்பது எப்படி? தம்பி பயப்படுவது அதற்குத்தான். ஸ்கேலைக் கூட்டினால் அந்தப் பயம் போகாது.

முதலில் என் எல்லையைச் சொல்லிவிடுகிறேன். நான் கிற்றார்காரன், ஊதுகிறவன் அல்ல. புதுக்குடியிருப்பில் கோயில் மேடைகளில் தொடங்கி, மாலைதீவில் ஒரு ஹோட்டல் பாண்டில் ஆறு வருடம், பிறகு கொழும்பில் கிழமைக்கு ஒருநாள் ஜாம் என்று என் காலம் போனது. பாட்டின் அமைப்பு, தாளம், கோர்ட் (சேர்ந்து ஒலிக்கிற சுரக்கூட்டம்), மேடைப் பழக்கம் பற்றி நான் சொல்வதை நம்பி எடுக்கலாம். உதடு, மூச்சு, றீட் (ஊதும் முனையில் அதிரும் மெல்லிய நாணல் துண்டு) பற்றிச் சொல்வதெல்லாம் பக்கத்தில் நின்று பார்த்தது. அதற்கு உங்கள் பாண்ட் மாஸ்டர்தான் ஆள்.

ஜாம் என்பது ஒத்திகை இல்லாத மேடை. ஒருவர் ஒரு பாட்டின் பெயரைச் சொல்வார், சுருதியைச் சொல்வார், வேகத்தை எண்ணிக் காட்டுவார். முதலில் எல்லோரும் பாட்டின் மெட்டை வாசிப்பார்கள். அதற்கு ஹெட் என்று பெயர். பிறகு அதே கோர்ட் வரிசை திரும்பத் திரும்பச் சுற்றிவர, ஒவ்வொருவராக அதன் மேல் கற்பனையாக வாசிப்பார்கள். அதுதான் சோலோ. ஒரு முழுச் சுற்று ஒரு கோரஸ். கடைசியில் ட்ரம்ஸ்காரரோடு நாலு பார் (ஒரு பார் என்பது நாலு தட்டு) நாலு பாராக மாற்றி மாற்றி வாசித்துவிட்டு, மறுபடியும் ஹெட், முடிவு. இதை நம் ஊர்த் தவில்காரரிடம் சொன்னால், இதில் என்ன புதிசு என்று கேட்பார். வற்றாப்பளையிலோ புதூர் நாகதம்பிரான் கோயிலிலோ இரண்டு தவில் எதிரெதிரே நின்று அடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஒருவர் விட்ட அளவுக்குச் சரியாக மற்றவர் எடுப்பார். எங்கே விடுவது, எங்கே எடுப்பது என்று யாரும் கை காட்டுவதில்லை. தாளம் உள்ளே ஓடிக்கொண்டிருப்பதால் தெரியும். ட்ரம்ஸோடு நாலு பார் மாற்றுவதும் அதுதான்.

இசைக்குழுவில் உங்களுக்குப் பழகிப்போன ஒன்று இங்கே கிடைக்காது. அங்கே பாடகர் இருக்கிறார். பல்லவி முடிந்ததா, சரணம் தொடங்கியதா என்று அவருடைய குரல் சொல்லிவிடும். உங்கள் பிட் எந்த வரிக்குப் பிறகு என்பது தெரிந்திருந்தால் போதும், மற்ற நேரம் சனத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கலாம். ஜாமில் சோலோ நேரத்தில் மெட்டே கேட்காது. கோர்ட் சுற்று மட்டும் ஓடும். அந்தச் சுற்றில் இப்போது எங்கே நிற்கிறோம் என்பது எல்லோர் தலைக்குள்ளும் இருக்க வேண்டும். நீங்கள் வாசிக்காத நேரத்திலும் இருக்க வேண்டும்.

சரி, அதைத் தலைக்குள் எப்படி ஏற்றுவது? உங்களுக்கு ஆதி தாளம் போடத் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன். அப்படியானால் பாதி வேலை முடிந்தது. ஜாமில் அதிகம் வாசிக்கப்படும் அமைப்பு 12 பார் ப்ளூஸ். ஒரு பாருக்கு 4 தட்டு, ஆக ஒரு சுற்றுக்கு 48 தட்டு, அதாவது ஆதி தாளம் 6 ஆவர்த்தனம். முதல் இரண்டு ஆவர்த்தனம் வீட்டுக் கோர்ட்டிலேயே, அதாவது பாட்டின் சுருதிக்குரிய கோர்ட்டிலேயே, நிற்கும். மூன்றாவது தொடங்கும்போது நாலாம் கோர்ட்டுக்கு (வீட்டிலிருந்து நாலாம் சுரத்தில் நிற்பது) போகும். நான்காவதில் வீட்டுக்குத் திரும்பும். ஐந்தாவதில் பதற்றம் ஏறும், ஆறாவதில் வீடு வந்து, அடுத்த சுற்றுக்கு வாசல் திறக்கும். முதல் கிழமை வாத்தியத்தைத் தொடாமலே இதைச் செய்யுங்கள். ஒரு ப்ளூஸ் ஒலிப்பதிவைப் போட்டுவிட்டு, கையில் தாளம் போட்டுக்கொண்டு, மூன்றாவது ஆவர்த்தனத்தின் சமத்தில் கோர்ட் மாறுவதைப் பிடியுங்கள். இரண்டு நாளில் கை போடாமலே காது சொல்லும். கிளிநொச்சியில் வவுனியா பஸ் ஏறினால் முறிகண்டியில் கச்சான் வாங்க நிற்பதற்குள் குறைந்தது நாற்பது சுற்றாவது எண்ணிவிடலாம். பஸ்ஸில் போடுகிற பாட்டுச் சத்தத்துக்குள் எண்ணிப் பழகியவனை எந்த ட்ரம்ஸும் குழப்ப முடியாது.

தட்டு விழும் இடம் மட்டும் நம் பழக்கத்துக்கு எதிராக இருக்கும். நமக்குக் கை சமத்தில் விழும். ஜாஸில் அழுத்தம் 2இலும் 4இலும். ட்ரம்ஸ்காரர் இடது காலால் மூடுகிற ஹைஹட் அங்கேதான் "சிக்" என்னும். மெட்ரோனோமை (தாளம் தட்டும் கருவி) பாதி வேகத்தில் வைத்து, அது அடிப்பதை 2, 4 என்று எண்ணிக்கொண்டு வாசித்துப் பழகுங்கள். முதல் நாள் எரிச்சல் வரும், மெட்ரோனோமே பிழை என்று தோன்றும். மூன்றாம் நாள் சரியாகும். ஸ்விங் என்பதை நடையோடு ஒப்பிட்டுச் சொன்னால் உங்களுக்கு எளிது. மெதுவான பாட்டில் ஒவ்வொரு தட்டையும் திஸ்ரமாக, தகிட என்று பிரித்து, நடு எழுத்தை விழுங்கிவிட்டு முதலையும் மூன்றையும் மட்டும் ஒலியுங்கள். கிட்டத்தட்ட அதுதான். கிட்டத்தட்ட என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. வேகம் ஏற ஏற அந்தத் திஸ்ரம் தட்டையாகி, சமமான இரண்டாக நெருங்கிவிடும். கணக்குப் போட்டு ஸ்விங் வராது, நல்ல வாசிப்பைக் கேட்டுக் கூடவே வாயால் பாடித்தான் வரும்.

பாட்டு எத்தனை? நான்கு போதும். நாற்பது பாட்டை அரைகுறையாகத் தெரிந்தவரைவிட நான்கைத் தூக்கத்திலும் வாசிப்பவரோடு வாசிக்க எனக்கு விருப்பம். டியூக் எலிங்டனின் 'சி ஜாம் ப்ளூஸ்' ஒன்று. அதன் மெட்டில் இருப்பதே இரண்டு சுரம்தான், ஆகவே மெட்டு மறந்துவிட்டது என்ற சாட்டுக்கு இடமில்லை. இரண்டாவது, எஃப் சுருதியில் ஏதாவது ஒரு ப்ளூஸ். மூன்றாவது, கென்னி டோர்ஹமின் 'ப்ளூ போஸா'. 16 பார், சி மைனர், நடுவில் நாலு பார் மட்டும் டி ஃப்ளாட் மேஜருக்குப் போய்வரும் (ஃப்ளாட் என்றால் அரைச் சுரம் கீழே, ஷார்ப் என்றால் அரைச் சுரம் மேலே). ஸ்விங் இல்லாத லத்தீன் நடை என்பதால் மேடைப் பாட்டு வாசித்த கைக்குச் சுகமாக இருக்கும். நான்காவது, மைல்ஸ் டேவிஸ் 1959இல் பதிவுசெய்த 'ஸோ வட்'. 32 பாரில் கோர்ட் இரண்டே இரண்டு. கேட்க எளிது, எண்ணத் தவறினால் தொலைவது நிச்சயம். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன், எனக்கே நடந்தது.

இனி சுருதி. இதை ஒரு தரம் கவனமாக வாசியுங்கள். உங்கள் ஆல்டோ ஈ ஃப்ளாட் வாத்தியம். நீங்கள் சி ஊதினால் ஓர்கனில் கேட்பது ஈ ஃப்ளாட். ஓர்கன்காரர் எஃப் ப்ளூஸ் என்றால் உங்களுக்கு அது டி. பி ஃப்ளாட் என்றால் உங்களுக்கு ஜி. சி என்றால் ஏ. ஜி மைனர் என்றால் ஈ மைனர். ஜாமில் எல்லோரும் சொல்வது ஓர்கன் சுருதி, அதைத்தான் கோன்சேர்ட் சுருதி என்பார்கள். மாற்றிக்கொள்வது உங்கள் பொறுப்பு. அந்த இடத்தில் நின்று விரலில் எண்ணிக்கொண்டிருக்க நேரமிருக்காது, ஆகவே இந்த நாலைந்தையும் பெருக்கல் வாய்ப்பாடு மாதிரி பாடமாக்குங்கள். சிலர் சுருதியை விரலால் காட்டுவார்கள். மேலே நீட்டிய விரல் ஷார்ப்பின் எண்ணிக்கை, கீழே நீட்டியது ஃப்ளாட்டின் எண்ணிக்கை. ஒரு விரல் கீழே என்றால் எஃப், இரண்டு விரல் மேலே என்றால் டி. அதுவும் கோன்சேர்ட் சுருதிதான்.

சுருதி மாற்றுவதை நான் படித்த விதம் கொஞ்சம் வேடிக்கையானது. தொண்ணூறுகளில் எங்கள் பக்கம் மின்சாரம் இல்லை, பற்றறி தடைசெய்யப்பட்ட பொருள். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் கசற் ரேடியோ போடுவோம். மச்சான் சுற்றுவான், நான் கிற்றாரோடு இருப்பேன். அவனுக்குக் கை உளைந்தால் பாட்டு அரைச் சுரம் இறங்கும். நுளம்பு கடித்து உதறினால் ஒரு சுரம் ஏறும். நான் ஒவ்வொரு தடவையும் புது இடத்தில் பிடித்து வாசிக்க வேண்டும். அப்போது அதைப் பெரிய தொல்லை என்றுதான் நினைத்தேன். பாட்டு என்பது குறிப்பிட்ட சுரங்கள் அல்ல, சுரங்களுக்கு நடுவில் உள்ள தூரம் என்று கைக்குத் தெரிந்தது அங்கேதான். உங்களுக்கு டைனமோ தேவையில்லை. நான்கு பாட்டின் மெட்டையும் எந்தச் சுரத்தில் தொடங்கினாலும் வாயால் பாட முடிகிறதா என்று பாருங்கள். பாட முடிந்தால் விரல் பின்னால் வரும்.

ஸ்கேல் கேள்விக்கு வருகிறேன். இதில் நிச்சயமானதும் உண்டு, ஆளுக்கொரு கருத்தும் உண்டு. நிச்சயமானது இது: கோர்ட் மாறும் இடத்தில் அந்த மாற்றம் உங்கள் வாசிப்பில் கேட்டால், எத்தனை குறைவாக வாசித்தாலும் ஜாஸ் போலக் கேட்கும். மாற்றம் கேட்காவிட்டால் எத்தனை வேகமாக ஓடினாலும் அப்பியாசம் போலத்தான் கேட்கும். ஒரு கோர்ட்டின் குணத்தைச் சொல்வது அதன் மூன்றாம் சுரமும் ஏழாம் சுரமும். உங்கள் வாத்தியத்தில் எஃப் ப்ளூஸை, அதாவது உங்கள் டியில், எடுத்துப் பாருங்கள். டி7இன் மூன்றாம் சுரம் எஃப் ஷார்ப், ஏழாம் சுரம் சி. ஜி7இன் மூன்றாம் சுரம் பி, ஏழாம் சுரம் எஃப். நாலாவது பாரின் முடிவில் எஃப் ஷார்ப்பில் நில்லுங்கள். ஐந்தாவது பாரின் முதல் தட்டில் அதை ஓர் அரைச் சுரம் இறக்கி எஃப்புக்கு வாருங்கள். அவ்வளவுதான், இரண்டே சுரம். கீழே ஓர்கன் இல்லாவிட்டாலும் கோர்ட் மாறிவிட்டது என்று கேட்பவருக்குத் தெரியும். அதுபோலச் சியிலிருந்து பிக்கு. ஏழாவது பாரில் திரும்பி வரும்போது எஃப்பிலிருந்து எஃப் ஷார்ப்புக்கு ஏறுங்கள். ஒன்பதாவது பார் ஈ மைனர்: ஜியும் டியும். பத்தாவது ஏ7: ஜி அப்படியே நிற்கும், டி மட்டும் சி ஷார்ப்புக்கு இறங்கும். இந்தப் பாதையை நீண்ட சுரங்களாக, ஒரு பாருக்கு ஒன்றாக, ஒரு கிழமை முழுக்க ஊதுங்கள். அதன் பிறகு அந்தச் சுரங்களுக்கு நடுவில் எதை நிரப்பினாலும் தப்பாது.

கருத்து வேறுபாடு எங்கே என்றால், இதற்கு மேல் என்ன செய்வது என்பதில். ஸ்கேலை முதலில் படி என்பார் ஒரு சாரார். நல்ல சோலோ ஒன்றைக் காதால் இறக்கி அப்படியே வாசி என்பார் மற்றவர். நான் இரண்டாவது கட்சி. மூன்று கிழமையில் முழுச் சோலோ வேண்டாம், ஒரே ஒரு கோரஸ், 12 பார், போதும். ஃபோனில் வேகத்தைக் குறைத்துப் போட்டு, முதலில் பாடி, பிறகு ஊதி, மூச்சு எடுக்கும் இடம் உட்பட அப்படியே எடுங்கள். இதை ஜாமில் வாசிக்க வேண்டும் என்பதில்லை. வாக்கியம் எங்கே தொடங்கி எங்கே நிற்கிறது என்பது உடம்பில் ஏறும், அதற்காக.

நம் இராகங்கள் உதவுமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் எல்லோருக்கும் வருகிற யோசனை அது. சுர வரிசை என்ற அளவில் உதவும். 'ஸோ வட்'டின் கோர்ட்டுக்குரிய டோரியன், நம் கரகரப்பிரியாவின் அதே சுரங்கள். உங்கள் வாத்தியத்தில் ஸவைப் பியில் வைத்து 16 பார், அரைச் சுரம் ஏற்றிச் சியில் 8 பார், திரும்பப் பியில் 8 பார். மைனர் பென்டடோனிக் என்பது சுத்த தன்யாசி, அதோடு பிரதி மத்யமத்தைத் தொட்டுக்கொண்டால் ப்ளூஸ் ஸ்கேல். ப்ளூஸில் வரும் செவன்த் கோர்ட்டுகளுக்கு அரிகாம்போதி. விரல் ஏற்கெனவே அறிந்த பாதைகள் இவை, புதுப் பெயரில் மறுபடி படிக்கத் தேவையில்லை. ஆனால் இராகமாக வாசித்தால் சிக்கல் வரும். இராகத்தில் ஸ அசையாமல் நிற்கிறது, கமகம் அந்த ஸவைப் பார்த்துத்தான் பேசுகிறது. கத்ரி கோபால்நாத் இதே ஆல்டோ சாக்ஸபோனில் கமகம் எல்லாம் கொண்டுவந்தவர். 2008இல் ருத்ரேஷ் மகந்தப்பா என்ற ஜாஸ் ஆல்டோகாரரோடு சேர்ந்து ஓர் இசைத்தட்டும் செய்தார். அதைக் கேளுங்கள், ஒரே வாத்தியம் இரண்டு பாஷை பேசுவது தெரியும். ஆனால் 12 பார் ப்ளூஸில் கோர்ட் மாறும்போது, ஒரு நிமிஷம் முன் சுகமாக இருந்த காந்தாரம் திடீரென்று உறுத்தும். அதைத்தான் மேலே எஃப் ஷார்ப், எஃப் என்று சொன்னேன்.

இப்போது தொலைந்து போகிற விஷயம். கொழும்பில் என் முதல் ஜாம். 'ஸோ வட்' வாசித்தார்கள். மைல்ஸ் டேவிஸ் பாட்டு, கோர்ட் இரண்டுதானே என்று துணிந்து எழும்பினேன். முதல் கோரஸ் நன்றாகப் போனது. இரண்டாவதில் எனக்கு என் வாசிப்பு பிடித்துப்போனது, எண்ணுவதை விட்டுவிட்டேன். எல்லோரும் அரைச் சுரம் மேலே ஏறியபோது நான் கீழேயே நின்று, இன்னும் பலமாக அடித்துக்கொண்டிருந்தேன். பேஸ்காரர் சாய்ந்து என் காதுக்குள் ஏதோ கத்தினார். பாராட்டுகிறார் என்று நினைத்துத் தலையாட்டினேன். அவர் சொன்னது "பிரிட்ஜ், பிரிட்ஜ்". 32 பார் பாட்டில் மூன்றாவது எட்டுப் பாருக்கு அந்தப் பெயர் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.

ஆகவே தொலைந்தால் செய்ய வேண்டியது: நிறுத்துங்கள். வாத்தியத்தை வாயிலிருந்து எடுங்கள். இரண்டு பார் மௌனத்தை யாரும் குறை சொல்வதில்லை, அழகாக இடம் விடுகிறான் என்றுகூட நினைப்பார்கள். பேஸைக் கேளுங்கள், கோர்ட்டின் அடிச் சுரம் பெரும்பாலும் முதல் தட்டில் அங்கே விழும். ட்ரம்ஸைக் கேளுங்கள், எட்டுப் பார் முடிகிற இடத்தில் சின்ன உருட்டல் ஒன்று வரும். அடுத்த சுற்றின் தலையில் உள்ளே வாருங்கள். இதை வீட்டிலேயே பழகலாம். ஃபோனில் ஐரியல் புரோ போன்ற செயலி ஏதாவது ஒன்றில் பாட்டை ஓடவிட்டு, அறையை விட்டு வெளியே போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வாருங்கள். உள்ளே வந்ததும் பாட்டு எந்த இடத்தில் நிற்கிறது என்று கண்டுபிடியுங்கள். நான் என் மாணவர்களுக்குக் கொடுக்கிற பாடங்களில் இதற்குத்தான் சிரிப்பு அதிகம், பலனும் அதிகம்.

பயமாக இருந்தால் இந்தக் கதையை நினைத்துக்கொள்ளுங்கள். 1936இல் கன்சாஸ் சிற்றியில் ஒரு ஜாமில், 16 வயதை ஒட்டிய ஓர் ஆல்டோ பையன் நடுவில் தடுமாறினான். ட்ரம்ஸில் இருந்த ஜோ ஜோன்ஸ் ஒரு சிம்பலைக் கழற்றித் தரையில் எறிந்தார். அந்தப் பையன் சார்லி பார்க்கர், பிறகு ஜாஸ் ஆல்டோவில் மிகப் பெரிய பெயர்களில் ஒன்றானவன். அடுத்த கோடையில் ஓசார்க் மலைப் பக்கம் ஒரு விடுதிக்கு வாசிக்கப் போனவன், டெனர் சாக்ஸபோன்காரர் லெஸ்டர் யங்கின் சோலோக்களை இசைத்தட்டிலிருந்து பாடமாக்கிக்கொண்டு திரும்பினான். நியூயோர்க்கில் 1940களின் தொடக்கத்தில் மின்ரன்ஸ் பிளேஹவுஸ் ஜாம்களில் வேண்டுமென்றே கடினமான கோர்ட்டும் பேய் வேகமும் வைத்து, தகுதியில்லாதவர்களை மேடையிலிருந்து விரட்டினார்கள் என்பதும் தெரிந்த கதைதான். வவுனியாவில் யாரும் சிம்பல் எறிய மாட்டார்கள். சிம்பல் விற்கிற விலைக்கு எறியவும் முடியாது.

மேடைப் பழக்கம் பற்றிச் சுருக்கமாக. போனதும் வாத்தியத்தை எடுக்காதீர்கள். இரண்டு பாட்டு உட்கார்ந்து கேளுங்கள், யார் நடத்துகிறார் என்று பாருங்கள், அவரிடம் போய்ப் பெயரைச் சொல்லுங்கள். முதல் தடவை இரண்டு கோரஸ் போதும். இன்னும் ஒன்று வேண்டும் போல இருக்கும்போதே முடித்துவிடுங்கள். முடிக்கப் போகிறீர்கள் என்றால் அடுத்தவரைப் பாருங்கள், அதுதான் கை மாற்றுவது. மற்றவர் வாசிக்கும்போது ஓரத்தில் நின்று கீச்சுக் கீச்சென்று ஊதிப் பார்ப்பதைப் போல எரிச்சலூட்டுவது வேறில்லை. யாராவது தன் தலையைத் தட்டிக் காட்டினால் ஹெட்டுக்குத் திரும்புகிறோம் என்று அர்த்தம். நாலு விரல் காட்டினால் ட்ரம்ஸோடு நாலு பார் மாற்றம், சுருதி விரலோடு குழம்ப வேண்டாம், அது பாட்டு தொடங்குமுன் காட்டுவது. இவை இரண்டும் பரவலான சைகைகள். மற்றவை இடத்துக்கு இடம் மாறும், மூடிய கைக்கு ஓரிடத்தில் ஓர் அர்த்தம், இன்னோரிடத்தில் வேறு. கேட்டுவிடுங்கள், கேட்பதில் வெட்கமில்லை.

கொப்பி பார்த்து வாசிக்கலாமா? ஹெட்டுக்குப் பார்க்கலாம், யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். சோலோவுக்கு மூடிவையுங்கள், கண் தாளில் இருந்தால் காது வேலை செய்யாது. பலரும் வைத்திருக்கும், ஜாஸ் பாட்டுகளின் மெட்டும் கோர்ட்டும் அடங்கிய 'ரியல் புக்' 1970களில் பேர்க்லீ இசைக் கல்லூரி மாணவர்கள் உரிமை பெறாமல் எழுதிப் பரப்பியது. 2004இல்தான் முறையான பதிப்பு வந்தது. பழைய பிரதிகளில் பிழையான கோர்ட்டுகள் பல உண்டு. உங்கள் தாளும் ஓர்கன்காரரின் தாளும் ஒத்துப்போகாவிட்டால் அவருடையதே சரி என்று வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் கோர்ட் போடுவது அவர். இன்னொன்று, அந்தப் புத்தகத்தில் ஈ ஃப்ளாட் வாத்தியங்களுக்குத் தனிப் பதிப்பு இருக்கிறது. சாதாரணப் பதிப்பைப் பார்த்து அப்படியே ஊதினால் என்ன நடக்கும் என்பதை நான் சொல்லத் தேவையில்லை.

கடைசியாக வெயில். இது நம் வன்னிக்கே உரிய சிக்கல். காற்று சூடேறினால் ஊதுகிற வாத்தியத்தின் சுருதி ஏறும். கணக்குப்படி ஒரு பாகை செல்சியஸுக்கு ஏறத்தாழ 3 சென்ட், ஓர் அரைச் சுரம் என்பது 100 சென்ட். மூச்சுச் சூடு ஏற்கெனவே குழாய்க்குள் இருப்பதால் உண்மையில் ஏறுவது கொஞ்சம் குறைவு. ஆனாலும் குளிரூட்டிய அறையில் சரிபார்த்த வாத்தியம் தகரக் கூரைக்குக் கீழே மாலை நாலு மணிக்கு உறுத்துகிற அளவு மேலே நிற்கும். ஓர்கன் அசையாது, கிற்றார்க் கம்பி சூட்டுக்குக் கீழே இறங்கும், நீங்கள் மேலே. ஆகவே அந்த இடத்திலேயே பத்து நிமிஷம் ஊதிச் சூடாக்கிய பிறகு ஓர்கனோடு சரிபாருங்கள், மௌத்பீஸைக் கொஞ்சம் வெளியே இழுக்க வேண்டியிருக்கும். ஒரு பாட்டு முடிந்ததும் இன்னொரு தரம் பாருங்கள். பஸ்ஸில் பெட்டியை மடியில் வையுங்கள், பின்னால் சாமான் பெட்டிக்குள் போட்டால் சூட்டில், துளைகளை மூடுகிற பேட்டை ஒட்டிய பசை இளகும் என்று ஊதுகிற நண்பர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். றீட் குறைந்தது மூன்று கொண்டு போங்கள், காய்ந்து வளைந்த றீட்டோடு நின்று தடுமாறியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

போயா நாளில் பஸ் குறைவு, திரும்பி வருவதற்கு முன்கூட்டியே விசாரித்து வையுங்கள். என்ன வாசிக்கப் போகிறாய் என்று கேட்டால் 'சி ஜாம் ப்ளூஸ்' என்று சொல்லுங்கள், நடுத்தர வேகம் என்று சொல்லுங்கள். என்ன சுருதி என்று கேட்பார்கள். உங்கள் விரல் ஏயில் இருக்கும், வாயில் சி வர வேண்டும்.